தெச்சம்மா தோளுக்கு அளவெடுத்த துப்பாக்கி

என் அன்புக்குரிய ‘ஏங்க’வுக்கு,

பேர் சொல்லி எழுதலாம் என்று பார்த்தேன். கை வரவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து ‘ஏங்க’ என்று கூப்பிட்டே காலம் ஓடிவிட்டது. ஆள் போன பிறகு மட்டும் பேர் எங்கிருந்து வரும்?

முதல் வருஷ நினைவு நாளுக்குப் பேப்பரில் உங்கள் போட்டோவைப் போட வேண்டும், நாலு வரி எழுதிக் கொடு என்றான் ரகு. உட்கார்ந்தேன். மூன்றாவது வரியிலேயே தெச்சம்மா வந்து நின்றுவிட்டாள். என் புருஷனின் நினைவஞ்சலியில் இவளுக்கென்ன வேலை என்று அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் வந்தாள். பேப்பருக்கு ‘கண்ணீருடன் மனைவி, மகன்’ என்று வழக்கமானதைக் கொடுத்தனுப்பிவிட்டு, இதை நம் தெருக்காரர்கள் போடும் ஆண்டு மலருக்கு எழுதுகிறேன். பெங்களூரில் நம் தொம்மலூரே படிக்கட்டும். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. உங்களுக்கு இருந்ததா?

வீட்டில் சௌக்கியம்தான். பின்பக்கத்துக் காலி மனையில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று எழும்பிவிட்டது. மத்தியானத்துக்கு மேல் மொட்டை மாடியில் வெயிலே இல்லை. வடாம் காய மாட்டேன் என்கிறது. ரகு பாதி நாள் ஆபீசிலேயே கிடக்கிறான். ரெண்டாயிரம் பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடுமாம், அதை நிற்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவன் தலையிலாம். சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் எழுந்து வரமாட்டான். அந்த விஷயத்தில் உங்கள் பிள்ளைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் அப்பா மைசூர் சமஸ்தானத்தில் காட்டிலாகா உத்தியோகத்தில் இருந்தவர். முயலும் கௌதாரியும் சுட்ட அந்த வேட்டை ரைஃபிளை உங்களுக்கு விட்டுப்போனார். வேட்டை கூடாதென்று சட்டம் வந்த பிறகு நீங்கள் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து ஞாயிறுதோறும் குறி வரைந்த பேப்பரைச் சுட்டீர்கள். நான் ஒன்றும் சொன்னதில்லை. சீட்டாடுகிறவர்களும் குடிக்கிறவர்களும் இருக்கிற ஊரில், பேப்பரைச் சுட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற புருஷன் கிடைத்ததே பெரிசு என்று இருந்தேன்.

அப்புறம் உங்கள் வலது கண்ணில் புரை விழுந்தது. துப்பாக்கியின் பின்னால் இருக்கிற சின்ன வட்டத்துக்குள் முன்னால் இருக்கிற கம்பி தெரிய வேண்டுமாமே, அது கலங்கிப்போய்விட்டது. ஆபரேஷனுக்குப் பிறகும் பழைய பார்வை வரவில்லை. அன்றைக்கே ரைஃபிளைத் துடைத்து அலமாரியில் வைத்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. நீங்கள் அதைத் தெச்சம்மாவிடம் கொடுத்தீர்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தெச்சம்மா குடகில் மடிக்கேரிப் பக்கத்துக்காரி, பேங்க்கில் வேலை, எங்களைவிட இருபது வயதாவது சின்னவள். நல்ல உயரம். கழுத்து நீளம், கை நீளம். கிளப்புத் துப்பாக்கி எதுவும் அவளுக்குப் பொருந்தவில்லை, சொந்தமாக வாங்க அப்போது வசதியுமில்லை. இவர், பெரிய வள்ளல், என் ரைஃபிளை வைத்துப் பழகு என்றார். ஆனால் அதுவும் அவளுக்குக் குட்டை. குட்டையாகத்தானே இருக்கும்? நீங்கள் குட்டை. கல்யாணப் போட்டோவில் நாம் இருவரும் ஒரே உயரமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை கொஞ்சம் உயரமாகத் தெரியட்டும் என்று போட்டோக்காரர் உங்கள் காலடியில் பலகை போட்டது மறந்துவிட்டதா?

அப்போது ஆரம்பித்தது அந்த அளவெடுப்பு. ஃபேக்டரியில் டிராயிங் போட்ட கை சும்மா இருக்குமா! தோளில் அணைக்கிற பின்கட்டை நீளமாக இருந்தால் தலை பின்னால் போய்விடும், குட்டையாக இருந்தால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும், கன்னம் பதிகிற இடம் தாழ்ந்திருந்தால் கண் வட்டத்தைத் தேடிக்கொண்டு அலையும் என்று சாப்பிடும்போதெல்லாம் எனக்குப் பாடம். மரக்கடை மரக்கடையாக அலைந்து ஈட்டி மரத்துண்டு கொண்டுவந்தீர்கள். பின்கட்டையின் நுனியில் சேர்க்க ஒரு துண்டு, கன்னத்துக்கு மேடாக ஒரு துண்டு. அரத்தால் ராவுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, ஞாயிற்றுக்கிழமை அவளிடம் வைத்துப் பார்ப்பது, இன்னும் ஒரு நூல் குறைக்கணும் என்று திரும்பி வருவது. இப்படியே மாசக்கணக்கில் போனது.

என் ஜாக்கெட் தோளில் பிடிக்கிறது என்று நான் எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன்? ‘டெய்லர்கிட்ட சொல்லு’ என்றுவிட்டுப் பேப்பரைப் புரட்டுவீர்கள். அவள் தோளுக்கு ஒரு நூல், அரை நூல் பார்த்தீர்களே, என் தோள் எந்தப் பக்கம் இருக்கிறது என்றாவது உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

ஒரு நாள் தூக்குச்சட்டியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு கிளப்புக்கே வந்தேன். சாப்பாடு ஒரு சாக்கு. குண்டு போடாத துப்பாக்கியை அவள் கையில் கொடுத்து, கண்ணை மூடு என்றீர்கள். மூடினாள். தோளுக்குத் தூக்கிக் கன்னத்தை வை என்றீர்கள். வைத்தாள். இப்போது திற என்றீர்கள். திறந்ததும் தலையை அசைக்காமலே வட்டத்துக்கு நடுவில் கம்பி தெரிந்தால் துப்பாக்கி அந்த ஆளுக்குப் பொருந்திவிட்டது என்று அர்த்தமாம். நான் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. அவள் கன்னம் மரத்தில் பதிகிற இடத்தை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நீங்கள் குனிந்து பார்த்தீர்களே, அதைத்தான் பார்த்தேன். என் முகத்தை அப்படி எப்போது பார்த்தீர்கள்? பெண் பார்க்க வந்தபோதுகூடத் தட்டிலிருந்த கேசரியைத்தான் பார்த்தீர்கள்.

அதுகூடப் போகட்டும். அந்த மாசம் என் ஹவாய் செருப்பில் ஒற்றை காணாமல் போயிற்று. தெரு முழுக்கத் தேடினேன். நாய் தூக்கிப்போயிருக்கும் என்றீர்கள், பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அடுத்த ஞாயிறு நீங்கள் ரைஃபிளைத் துடைக்கும்போது பார்க்கிறேன், தோளில் வழுக்காமல் இருக்கப் பின்கட்டையின் முடிவில் ரப்பர் ஒட்டியிருக்கிறது. மேலே வெள்ளை, அடியில் நீலம். என் செருப்பு! என் காலில் இருந்ததை வெட்டி அவள் தோளில் வைத்திருக்கிறீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. எழுத வெட்கமாயில்லை. எரிந்தது.

அந்தத் துப்பாக்கியோடு அவள் மாநிலப் போட்டியில் மெடல் வாங்கினாள். நீங்கள் தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தீர்கள். நான் செக்ரடேரியட்டில் டைப்பிஸ்டாக ரிடையர் ஆன அன்றைக்கு மாலையோடு வீட்டுக்கு வந்தேனே, அன்றைக்கு என்ன கொடுத்தீர்கள்?

அப்புறம் ஒரு காலையில் மார்வலி என்று உட்கார்ந்தீர்கள். அவ்வளவுதான். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தெச்சம்மா வந்தாள். நடுக்கூடத்தில் நின்று அழுதாள். எனக்கு அன்றைக்கு அழுகையே வரவில்லை, மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் அவளைப் பார்த்து, இது மகளா என்று கேட்டார்கள். கட்டின மனைவி உலர்ந்த கண்ணோடு இருக்கிறேன், இவள் முந்தானை நனைய நனைய அழுகிறாள். அழுகையில்கூட என்னை முந்திவிட்டாளே என்று பற்றிக்கொண்டு வந்தது.

லைசென்ஸ்காரர் போய்விட்டதால், போலீஸ் ஸ்டேஷனில் சொன்னபடி ரைஃபிளைத் துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்தோம். கொஞ்ச நாள் பொறுத்து தெச்சம்மா வீட்டுக்கு வந்தாள். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தாள். கடைசியில், சாரோட ரைஃபிளைத் தானே விலைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். அவள் அளவுக்குச் செய்தது, வேறு யாருக்கும் உபயோகப்படாது என்றாள். நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததால்தான் எனக்கு ஆத்திரம் கூடுதலாக வந்தது. விற்கிறதாக இல்லை, நானே சுடப்போகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

ரகு தலையில் கைவைத்துக்கொண்டான். வாரிசு என்று எழுதிக் கொடுத்து லைசென்ஸுக்கு நடையாய் நடந்தேன். இந்த வயதில் எதற்கம்மா துப்பாக்கி என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். என் புருஷன் பொருள், இன்னொருத்தி கைக்குப் போகக்கூடாது என்று கன்னடத்தில் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். தன் வீட்டு அம்மாவும் இதையேதான் சொல்லுவாளாம். அதற்கப்புறம் காகிதம் கொஞ்சம் வேகமாக நகர்ந்தது, கடையிலிருந்து ரைஃபிளும் என் கைக்கு வந்தது.

கிளப்பில் சேர்ந்தேன். சிரிக்காதீர்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு ஞாயிறுதோறும் போனேன். ஆனால் அந்தத் துப்பாக்கி என்னோடு ஒத்துப்போகவே இல்லை. விரல் விசைக்கு எட்டினால் தோள் கட்டையில் படாது. தோள் பட்டால் கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்ட வேண்டும். கண்ணைத் திறந்தால் வட்டமும் இல்லை, கம்பியும் இல்லை, வெறும் மரம்தான். குண்டெல்லாம் மண்மேட்டுக்குப் போயிற்று. பக்கத்து வரிசையில் இரவல் துப்பாக்கியை வைத்துக்கொண்டு தெச்சம்மா. அவளும் சரியாகச் சுடவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் வந்துவிட்டாள்.

“அக்கா, கட்டை உங்களுக்கு ஜாஸ்தி ஆயிடுச்சு. அந்த ரெண்டு துண்டும் எனக்காக சார் போட்டது. கழட்டிடுங்க. ரப்பர் அடியில ரெண்டு ஸ்க்ரூ, கன்னத்துக்கிட்ட ரெண்டு.”

திருகு எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது! நான் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

வீட்டில் அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கழற்றினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த இரண்டு துண்டுதாங்க நீங்கள் கடைசியாகச் செய்த கைவேலை. உங்கள் அரம் ராவிய கோடு ஓரத்தில் இன்னும் தெரிகிறது. அதை எடுத்துவிட்டால் உங்கள் கையை நானே எடுத்துப்போட்ட மாதிரி இருக்கும். எடுக்காவிட்டால் என் வீட்டில், என் பேரில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ஆயுசுக்கும் அவள் தோளுக்காகக் காத்துக்கொண்டு இருக்கும். கடைசியாகச் செய்ததை எனக்காகச் செய்திருக்கக் கூடாதா? ஒரு கரண்டிக்காம்பு? ஒரு முக்காலி?

அடுத்த ஞாயிறு தெச்சம்மா திருப்புளியோடு நின்றாள். அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். கேட்டுவிடுவது என்று தீர்மானித்துத்தான் போயிருந்தேன்.

“அவரு உன்கிட்ட மணிக்கணக்கா என்னதான் பேசுவாரு?”

“சாரா? ஒண்ணும் பேசமாட்டாரு அக்கா. ‘மூச்ச விடு, பாதியில நிறுத்து’ம்பாரு. அஷ்டே, அவ்வளவுதான்.”

அவள் பொய் சொல்கிற முகமில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அதிலும் பொறாமைதான் வந்தது. மூச்சு விடு என்று என்னிடம் ஒரு நாள் சொல்லியிருக்கிறீர்களா? சமையலறையிலும் பஸ்ஸிலும் ஆபீசிலும் மூச்சு விடாமல் ஓடினவள் நானில்லையா?

திருகுகளை நானே கழற்றினேன். முதலில் ரப்பர், பிறகு பின்துண்டு, கடைசியில் கன்னத்து மேடு. மேடு வந்ததும் அடியில் உங்கள் அப்பா காலத்துப் பழைய மரம் தெரிந்தது. ஒரே ஒரு இடம் மட்டும் கறுத்து வழவழவென்று இருந்தது. உங்கள் கன்னம் வருஷக்கணக்காகப் பட்டுத் தேய்ந்த இடம்.

குண்டு போடவில்லை. கண்ணை மூடினேன், தூக்கினேன், கன்னத்தை வைத்தேன், திறந்தேன்.

வட்டத்துக்கு நடுவில் கம்பி நின்றது. தலையை இம்மியும் அசைக்க வேண்டியிருக்கவில்லை. அதில் ஒரு சீவல்கூட எடுக்க வேண்டாம், சேர்க்க வேண்டாம். உங்களுக்குப் பொருந்திய துப்பாக்கி எனக்கு அப்படியே பொருந்துகிறது. ஏங்க, இத்தனை வருஷத்தில் ஒரு தடவை அதை என் கையில் கொடுத்துப் பார்க்கத் தோன்றவில்லையா உங்களுக்கு? எனக்கும் கேட்கத் தோன்றவில்லையே.

அப்போதுதான் அழுகை வந்தது. வருஷம் முழுக்க வராதது, துப்பாக்கியில் கன்னத்தை வைத்தபடி, பத்துப் பேர் பார்க்க வந்தது. தெச்சம்மா மற்றவர்களை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அன்றைக்குச் சுட்டதில் ஒன்றுகூடப் பேப்பரில் படவில்லை.

ஈட்டி மரத்துண்டு இரண்டையும் பழைய வேட்டியில் சுற்றி அவளிடமே கொடுத்துவிட்டேன். அவள் அளவுக்குச் செய்தது அவளிடம்தான் இருக்க வேண்டும். கிளப்பில் ஒருவரிடம் பழைய ரைஃபிள் ஒன்று வாங்கி, அந்தத் துண்டுகளை அதில் பொருத்திக்கொண்டிருக்கிறாள். ரப்பரை மட்டும் தரவில்லை. என் செருப்பு, என் துப்பாக்கியின் பின்முனையில், என் தோளில் இருக்கிறது.

போன ஞாயிறு அவள் புள்ளியில் என்னைவிட ரொம்பவும் மேலே. அக்கா, மூச்ச விடுங்க என்று பக்கத்திலிருந்து எனக்கே சொல்கிறாள். நல்ல பெண்தாங்க. அதனால் பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அது சௌக்கியமாக இருக்கிறது.

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு தடவையாவது அவளை ஜெயித்துவிட்டுத்தான் அங்கே வருவேன். என் குறி இருக்கிற லட்சணத்துக்கு நாளாகும். அதுவரைக்கும் அங்கே வேறு எவளுக்கும் அளவெடுக்காமல் இருங்கள்.

இப்படிக்கு,
பலகை போடாவிட்டால் உங்கள் உயரமே உள்ள உங்கள் மனைவி,
கனகா