நான்கு மூலையிலும் மஞ்சள்

திருச்சானூர்,
9.7.2007

குவைத்தில் வாகனம் ஓட்டிக் குடும்பம் காக்கும் என் கணவர் அவர்களின் சமூகத்திற்கு அம்சவேணி எழுதுவது. இங்கு நானும் நம் மகள் தாட்சாயணியும் நலம். தாங்கள் நலமா என்பதைத் தங்கள் கையெழுத்தால் அறிந்து இருபத்திரண்டு மாதங்கள் ஆகின்றன.

இது கோபத்தில் எழுதப்படும் கடிதம். முழுவதும் படித்த பிறகே கீழே வைக்க வேண்டுகிறேன்.

நேற்றுக் காலை வெதுருகுப்பத்திலிருந்து என் அண்ணன் வந்தார். நான் வேலை செய்யும் லாட்ஜ் வாசலிலேயே, யாத்ரீகர்கள் பார்க்க, செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "தாட்சா மேரேஜ் ஆவணி 14. கண்டிப்பா வா. பிஸி." பெண்ணின் தாய்மாமனுக்குத் தாங்கள் விடுத்த அழைப்பு அவ்வளவே. அதுவும் ஆங்கில எழுத்தில்.

"ஏம்மே அம்சா, உன் ஊட்டுக்காரரு என்னைக் கண்ணாலத்துக்குக் கூப்புட்டாரா, கரண்ட் பில்லு கட்டச் சொன்னாரா? உரக்கடைக்காரன் படிச்சிக் காட்டிட்டு சிரிக்கிறான். பந்தக்காலு நட வேற ஆளப் பாத்துக்கோ" என்றார். காபி கொடுத்தேன், தொடவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

அச்சடித்த பத்திரிகை எவர் கைக்கும் போகுமுன், பெண்ணின் தகப்பனார் தம் கைப்பட எழுதி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, தாய்மாமனுக்கு முதல் கடிதம் அனுப்புவது நம் இரு வீட்டுக்கும் வழக்கம். அது தங்களுக்குத் தெரியாததன்று. நம் திருமணத்தின்போது, எழுத்தறியாத என் நைனா கூட அடுத்த தெருக்காரரைக் கொண்டு எழுதுவித்து, அடியில் தம் கைநாட்டை அழுத்தி வைத்தார். அந்தக் கைநாட்டுக்கு இருந்த மரியாதை, பத்தாம் வகுப்பு தேறிய தங்கள் கட்டைவிரலுக்கு இல்லாமல் போயிற்றே!

உடனே தங்களுக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். தாங்கள் அழைத்துச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "லெட்டரெல்லாம் இப்ப யாரு எழுதிக்கினு கீறாங்க? பேனா புடிச்சா நாலாவது வரில கை நின்னு போவுது அம்சா."

என்னை எரித்தது அந்தச் சொல்தான். மணல்காற்று அடித்த நாளில் வானம் சோளமாவு போல இறங்கிற்று என்று எட்டுப் பக்கம் எழுதிய கை அது. அந்தக் கடிதங்களைப் பிறர் வாயால் கேட்கக் கூசித்தான், பள்ளிக்கூட வாசல் மிதிக்காத நான், லாட்ஜுக்கு வந்து விழும் கல்யாணப் பத்திரிகைகளை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கற்றேன். முதன்முதலில் நானே படித்த வரி, "என் பிரியமுள்ள அம்சாவுக்கு."

இப்போது எல்லாம் பழையபடி ஆயிற்று. ஆங்கில எழுத்து எனக்கு வராது. தாங்கள் அனுப்புவதை லாட்ஜ் கிளார்க் சிட்டிபாபு, சாவிக்குக் காத்திருப்பவர்கள் முன்னிலையில் உரக்கப் படிக்கிறார். சென்ற வாரம், "உடம்பப் பாத்துக்கோன்னு போட்டுக்கிறாருக்கா. பக்கத்துல ரெண்டு புள்ளி, ஒரு வளைவு. உன் ஊட்டுக்காரரு சிரிக்கிறாரு" என்றார். பதினோரு ஆண்டுப் பிரிவில் எனக்குக் கிடைத்த சிரிப்பு இரண்டு புள்ளியும் ஒரு வளைவும்!

திருமணத்துக்கு இரண்டு நாள் முன்புதான் தங்களுக்கு விடுப்பு. வந்து நேரில் சமாதானம் சொல்லலாம் என்று எண்ண வேண்டாம். அதற்கு நான்கு நாள் முன்பே பந்தக்கால் நட வேண்டும். மாமன் கை படாத பந்தலின் கீழ் நான் என் மகளை உட்கார வைக்க மாட்டேன். "நானே மாமாவுக்கு எழுதட்டுமா?" என்று தாட்சாயணி அழுதுகொண்டே கேட்டாள். தகப்பன் எழுத வேண்டியதை மகள் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இத்துடன் இரண்டு வெள்ளைத் தாள்களை மடித்து வைத்திருக்கிறேன். ஒன்றின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறேன். அது என் அண்ணனுக்கு. நாலாவது வரியில் கை நின்றால், நிற்கட்டும். சற்றுப் பொறுத்து ஐந்தாவது வரியை எழுதுங்கள்.

மற்றொரு தாளில் மஞ்சள் இல்லை. அது யாருக்கென்று நான் எழுதப் போவதில்லை.

பத்மாவதித் தாயார் தங்களைக் காக்கட்டும், குறிப்பாகத் தங்கள் வலக்கையை.

இப்படிக்கு,
தங்கள் கடிதங்களைத் தானே படிக்கத் தெரிந்த
அம்சவேணி