பின் சீட்டுக்கு ஓர் ஆள்

அன்புள்ள பிரியா அக்காவுக்கு,

நங்கநல்லூரிலிருந்து தங்கை ஜோதிலட்சுமி எழுதுவது. ஜெர்மனிக் குளிரில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று அப்பா எழுதிய கடிதம் இந்தப் பார்சலில் மேலாகவே இருக்கும். அதை நம்பாதே. போனில் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் நிற்கிறார், மெசேஜையும் எடுத்துப் படிக்கிறார், அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு பயந்துகொண்டே இதை எழுதி முறுக்கு டப்பாவுக்கு அடியில் வைக்கிறேன்.

மொட்டை மாடியில் அப்பா கட்டும் குட்டி விமானம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரலாம். வீடெல்லாம் இறக்கை ஒட்டும் பிசின் நாற்றம், குடிக்கிற தண்ணீரில்கூட. எஞ்சின் எது வைப்பது என்று வெகுநாள் பேச்சு நடந்தது. பெங்களூரில் ஒருவரிடம் விமானத்துக்கென்றே செய்த எஞ்சின் இருந்தது, கனமில்லாதது, விலைதான் அதிகம். மற்றது, மோதி நசுங்கிய காரிலிருந்து தணிகாசலம் மெக்கானிக் கழற்றி வந்தது. நம் தி. நகர் ஜவுளிக் கடைக்குப் புதுச் சரக்கு எடுக்குமுன் செய்வதுபோல அப்பா பூக் கட்டிப் பார்த்தார். வெள்ளை வந்தால் விமான எஞ்சின், சிவப்பு வந்தால் கார் எஞ்சின். வீட்டு ஆஞ்சநேயர் படத்தின் முன் இரண்டு பொட்டலம். பறக்கிற சாமிக்குத் தெரியாத எஞ்சினா என்று அப்பா சொல்ல, அவர் நண்பர் நல்லசிவம் மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்னை எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு அரளி வந்தது. மறுநாள் பூஜை அலமாரியைத் துடைக்கும்போது மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் சிவப்பு அரளி. அம்மாதான் மடித்தாளாம். உங்கப்பா முன்னமே முடிவு பண்ணிட்டாவ, சாமி சொன்ன மாதிரி இருக்கட்டும்னாவ, நான் என்ன செய்ய என்று சொல்லிவிட்டுக் கறிவேப்பிலை உருவப் போய்விட்டாள். அன்று என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போன ஞாயிறு மாடியில் அந்த எஞ்சினை ஓட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. மேல போனா ஜில்லுனு கீது சார், சூடே ஏறாது என்றார் தணிகாசலம். ஓர் இழை விட்டிருந்தால் சேலையையே திருப்பி அனுப்புகிற அப்பா அதற்குத் தலையாட்டுகிறார். எஞ்சின் கனத்தில் விமானத்தின் மூக்கு வேறு தாழ்ந்துவிட்டது, பின் சீட்டில் ஆள் இருந்தால் சரியாகுமாம். கடைக்குக் கூட்டிப்போய்த் துணி பேல் நிறுக்கும் தராசில் என்னை நிறுத்தினார்கள். மணல் மூட்டை வைக்கலாமே என்றேன். உன் கை ராசி பாப்பா, மூட்டைக்கு இன்னா ராசி கீது என்றார் தணிகாசலம். மூத்தவ டிக்கெட் எடுத்துப் பறந்தா, இளையவ ஓசியிலயே பறக்கப் போறா என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும். தை முதல் வெள்ளி, செய்யூர் பக்கம் மாமா மனை போட்டு விற்கும் இடத்துத் தார் ரோட்டில் கிளப்பப் போகிறார்கள். அனுமதி கிடையாது. அப்பா இதுவரை கம்ப்யூட்டர் விளையாட்டில்தான் பறந்திருக்கிறார்.

நேற்று அம்மாவிடம், கொன்றாலும் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். நீ ஏறாண்டாம்ட்டி, நான் உக்காந்துக்கிடுதேன், அவியளத் தனியா விட முடியாது என்றாள். இன்று கடைக்குப் போனவள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அந்தத் தராசில் ஏறி நின்றிருக்கிறாள், கடைப் பையன் சொன்னான்.

உன் பேச்சை மட்டும்தான் அப்பா கேட்பார். நான் எழுதியதைச் சொல்லாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பரவாயில்லை, சொல்லிக்கொள். காதை மூடித் தொப்பி போட்டுக்கொள். ஆசி சொல்ல எனக்கு வயதில்லை, உனக்காக வேண்டிக்கொள்கிறேன். பொங்கலுக்கு முன்னால் பேசிவிடு, மறந்துவிடாதே. எனக்காக இல்லை, அம்மாவுக்காக.

உன் தங்கை,
ஜோதிலட்சுமி