பூனை தலையில் போட்ட பழி

அத்தா,

இன்று காலை ஹோட்டலில், மாடி அறையின் விரிப்பை மாற்றப் போன பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா, பூனை உள்ள வந்துட்டுப் போயிருக்கு. மெத்தையெல்லாம் ஒரே நாத்தம்" என்றாள். கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து ஹோட்டலாக்கிய இடம் இது. சுவரேறிக் குதிக்கிற பூனைகளுக்குப் பஞ்சமில்லை, அவள் சொன்னதில் தப்பும் இல்லை. நான் குனிந்து முகர்ந்து பார்த்தேன். "பூனை இல்ல. அந்த ரூமுல கைக்குழந்தை இருக்குல்ல, அதோட வேலை" என்றேன். "எப்பிடிக்கா மோந்தே கண்டுபிடிக்கிறீக?" என்று அந்தப் பெண் வாயைப் பிளந்தாள். விரிப்பை நானே சுருட்டிக்கொண்டு துவைக்கிற இடத்துக்குப் போய், குழாயைத் திறக்காமல் அப்படியே நின்றேன்.

மோந்து கண்டுபிடிக்க வேண்டிய நேரத்தில் நான் கண்டுபிடிக்கவில்லை. வீட்டை நாறடிக்கிறான் என்று உங்கள் பூனையை மாதக்கணக்கில் திட்டினேன், அடைத்து வைத்தேன், கடைசியில் வீட்டை விட்டே அனுப்பினேன். அதில் பாதி அவன் செய்ததில்லை. அது தெரிந்த பிறகாவது உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீங்கள் மவுத்தாகி, மண்ணுக்குள் போய், ஒரு நோன்பு மாதமும் கழிந்துவிட்டது, அந்த வார்த்தை இன்னும் கேட்கப்படாமலே கிடக்கிறது.

தவுக்கே என்று அவனுக்குப் பெயர் வைத்ததே உங்கள் குறும்புதான். கோலாலம்பூரில் மளிகைக் கடையில் நின்ற காலத்தில் முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவீர்களாம். நாற்காலியை விட்டு எழாமலே கடையையே ஆட்டி வைத்த மனுசர் என்பீர்கள். பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டி ஓரம் கிடந்த குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, "நம்ம வீட்டுக்கு முதலாளி வந்திருக்காக, எந்திரிச்சு நில்லு" என்றீர்கள். அம்மா கண்ணை மூடி, அண்ணன் கோலாலம்பூரிலேயே தங்கி, என் கல்யாணமும் முறிந்து நான் திரும்பி வந்து, தகப்பனும் மகளும் மட்டும் என்று ஆகியிருந்த வீடு. எனக்கும் உள்ளுக்குள் சந்தோசம்தான். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வருமா? பகல் முழுக்க ஊரார் கழிப்பறையைச் சோதித்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் அதே வேலையா என்று சண்டை பிடித்தேன். மணல் வாங்கிப் போடுவது நான், டிரேயைச் சுத்தம் செய்வது நீங்கள் என்று கடைசியில் ஒப்பந்தமானது. ஒரு நாள்கூட நீங்கள் அதைத் தவறவிட்டதில்லை.

வளர்ந்து நல்ல கடுவனான பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. அவன் டிரேயை விட்டுவிட்டான். முற்றத்திலிருந்து பின்பக்கக் குளியலறைக்குப் போகிற நடையில், ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சியான இடமாகப் பார்த்து உட்காருவான். வருவது நாலு சொட்டு. அடுத்த அரை மணியில் இன்னொரு கல், இன்னும் நாலு சொட்டு. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மணலில் போகாமல் தரையில் போகிறானே, எல்லாம் திமிர் என்றேன். பினாயில் ஊற்றித் துடைத்தேன். டிரேயை இடம் மாற்றி மாற்றி வைத்தேன். நீங்கள் மட்டும், "வேணும்னா செய்யுது? முடியலைன்னா அது என்னம்மா செய்யும்?" என்றீர்கள். பூனைக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் டிரேக்குள் போவதும் வருவதுமாக இருந்தான். உட்கார்ந்து முக்கினான், கத்தினான், மணல் நனையவே இல்லை. காய்கறிக் கூடையில் போட்டு மேலே துண்டைக் கட்டி, ஆட்டோ பிடித்துக் கால்நடை டாக்டரம்மாவிடம் ஓடினோம். வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. மூத்திரப்பை நிறைந்து கல் மாதிரி இறுகியிருக்கிறது, கடுவன்களுக்கு இப்படி அடைத்துக்கொள்ளும், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்காது என்றார். தரையில் சொட்டுச் சொட்டாகப் போனது திமிர் இல்லையாம், அதுதான் முதல் அடையாளமாம். அப்போதே எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போச்சு?"

"நேத்துச் சாயந்திரம், மஹ்ரிபு பாங்குக்கு முன்னாடி. அதுவும் சொட்டுத்தான், கொஞ்சம் செவப்பா இருந்துச்சு" என்று பட்டென்று சொன்னேன்.

"நல்லாக் கவனிச்சிருக்கீங்க" என்றார் டாக்டரம்மா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மயக்க ஊசி போட்டுக் குழாய் வைத்து மூத்திரத்தை எடுத்தார்கள். அவன் கண் முழிக்கிற வரை காத்திருந்தோம். அப்போதுதான் நீங்கள் டாக்டரம்மாவிடம் கேட்க ஆரம்பித்தீர்கள். "போகுது, ஆனா முழுசாப் போகலைன்னா? உள்ளயே கொஞ்சம் நின்னுக்கிட்டே இருந்தா என்னாகும்?" கிட்னி கெட்டுவிடும் என்றார். "வலியே இல்லாமக்கூடக் கெடுமா?" அப்படியும் உண்டு என்றார். "தானா ஒழுகுறதுகூட அதுனாலதானா?" என்று நீங்கள் குரலைத் தாழ்த்தினீர்கள். எங்களுக்குப் பின்னால் ஒருவர் ஆட்டுக்குட்டியோடு நின்றுகொண்டிருந்தார். "அத்தா, பின்னாடி ஆளு நிக்கிது, வாங்க. எல்லாத்தையும் வீட்டுல போயிப் பேசிக்கிரலாம்" என்று உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் கூடையைத் தூக்கினீர்கள். வீட்டில் போய் எதையும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவனை நான் பார்த்த பார்வை இருக்கிறதே, பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். வீட்டில் மூன்று இடத்தில் தண்ணீர்க் கிண்ணம். தனித் தீனி. இரண்டாவதாக ஒரு டிரே. காலையில் மணலைக் கிளறி, ஈரக் கட்டி எலுமிச்சை அளவா, நெல்லிக்காய் அளவா என்று பார்த்துவிட்டுத்தான் டீயே குடிப்பேன். அவன் தண்ணீர் குடிக்கவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது. பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் ஒரு மிடறு குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்ததை அதே கண்தான் பார்த்தது. பார்த்து என்ன செய்தது?

அவனுக்குக் குணமாகிவிட்டது, நாற்றம் மட்டும் போகவில்லை. அதே நடையில் அங்கங்கே ஈரம். கதவுக்குப் பின்னால் ஈரக் கைலி. அவன் உங்கள் துணியில் போய்விட்டான் என்றேன், நீங்கள் மறுக்கவில்லை. இந்தத் தடவை மறுபடி உடம்புக்கு என்னவோ என்று டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு போனேன். சோதித்துப் பார்த்தவர் அவனுக்கு ஒன்றுமில்லை என்றார். அப்படியென்றால் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது என்று நானே முடிவு செய்தேன். அவனைப் பின்னறையில் போட்டு அடைத்தேன். நான் வேலைக்குப் போனதும் நீங்கள் திறந்துவிடுவீர்கள். திரும்பி வந்து ஒரு நாள் கத்தினேன்: "அதுக்குத்தான் அறிவு இல்ல. உங்களுக்குமா இல்ல? ஒண்ணு அது இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்." மறுநாள் நீங்களே குந்தி உட்கார்ந்து நடை முழுவதையும் துடைத்து வைத்திருந்தீர்கள். இப்போதாவது பொறுப்பு வந்ததே என்று மெச்சிக்கொண்டேன். தூ.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போவதை நிறுத்தினீர்கள். முட்டி வலி என்றீர்கள், தைலம் வாங்கிக் கொடுத்தேன். கை கால் கழுவி ஒளு எடுத்துவிட்டுத் தொழ நின்றவர், பாதியில் போய்க் கைலி மாற்றி மறுபடி ஒளு எடுத்து வந்ததைச் சமையற்கட்டிலிருந்து பார்த்திருக்கிறேன். சுத்தம் போய்விடுமே என்று சபையில் நிற்கப் பயந்திருக்கிறீர்கள். வாழ்நாளெல்லாம் முதல் வரிசையில் நின்ற மனுசர் வீட்டு மூலையில் தனியாகத் தொழுதால், அதற்கு முட்டி மட்டும் காரணமாக இருக்காது என்று ஒரு மகளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கடைசியில் தவுக்கேயை அரியக்குடியில் என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி வீட்டுக்கு அனுப்பினேன். நீங்கள்தான் ஆட்டோ வரை கூடையைத் தூக்கி வந்தீர்கள். "அவன் மேல தப்பில்லம்மா" என்றீர்கள். "அப்ப யாரு மேல தப்பு? என் மேலயா?" என்று கேட்டேன். நீங்கள் என்னவோ சொல்ல வந்தீர்கள். ஆட்டோக்காரர் கிளம்பலாமா என்றார். கூடை மேல் துண்டைச் சரி பண்ணிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள்.

பூனை போய் ஒரு வாரம் இருக்கும். காலையில் எழுந்து வந்தால் நடையில் பூப்போட்ட கல்லின் மேல் ஈரம். பக்கத்தில் மாப்புக் கட்டையோடு நீங்கள். கைலியின் ஓரமும் நனைந்திருந்தது. வீட்டில் பூனை இல்லை அத்தா. நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது என் கண்ணெதிரே நின்றது.

அப்போது நான் கேட்டிருக்க வேண்டும். "என்னத்தா, முடியலையா?" என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை. உங்களைப் பார்க்காத மாதிரி அடுப்படிக்குள் திரும்பிப் பால் காய்ச்சினேன். பெண்பிள்ளை தகப்பனிடம் அதை எப்படிக் கேட்பது? பிறகு நான் செய்ததுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். அன்று சாயந்திரமே அரியக்குடிக்குப் போய்த் தவுக்கேயைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். "அவுக வீட்டுல நாய் இருக்காம், சரிப்பட்டு வரல" என்று பொய் சொன்னேன். அவன் வீட்டில் இருந்தால், ஈரத்துக்குச் சொல்ல உங்களுக்கு ஒரு காரணம் இருக்கும். உங்கள் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். நடையில் ஈரத்தைப் பார்த்தால், உங்கள் காதில் விழும்படி, "ஏலே தவுக்கே, மறுபடியுமா?" என்று அவனைத் திட்டிக்கொண்டே துடைத்தேன். நீங்களும் சிரித்தீர்கள். எவ்வளவு மரியாதையான மகள் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு பெருமை. அந்த மரியாதையில் மாதங்கள் ஓடிப்போயின.

காலெல்லாம் வீங்கி, குடித்த கஞ்சியும் நிற்காமல் போன பிறகுதான் மதுரைக்குக் கொண்டுபோனேன். டாக்டர் உங்கள் அடிவயிற்றில் கை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "எவ்வளவு நாளா யூரின் பிரச்சனை இருக்கு?" என்றார். பூனைக்கு வேளை முதல் நிறம் வரை சொன்ன வாய் அடைத்துப்போயிற்று. நீங்கள்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இந்தப் பூனைக்கு வந்ததுக்கு முந்தியே" என்றீர்கள். எந்தப் பூனை என்று டாக்டருக்குப் புரியவில்லை. புரோஸ்டேட் சுரப்பி வீங்கி மூத்திரம் போகிற வழியை அடைத்திருக்கிறது, இரண்டு கிட்னியும் போய்விட்டது, கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் மாத்திரையிலேயே பார்த்திருக்கலாம் என்றார். கால்நடை டாக்டரம்மா சொன்ன அதே விசயம்தான். அங்கே அவனை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு மத்தியானம் நீங்களாகவே பேச்சை எடுத்தீர்கள். "நீ அவனைத் திரும்பக் கூட்டியாந்தேல்ல, அன்னைக்கே தெரியும்மா. உனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு." நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். "நானாச் சொல்ல வாய் வரல. நீ கேட்டா சொல்லிருவோம்னு இருந்தேன்" என்றீர்கள். உங்கள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருக்கலாம் அத்தா. அதற்குப் பிறகு நீங்கள் அதிக நாள் இருக்கவில்லை.

தவுக்கே நன்றாக இருக்கிறான். மணல் டிரேயை இப்போது நான்தான் சுத்தம் செய்கிறேன். அவனை ஏறிட்டுப் பார்க்க இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. பேசத் தெரியாத ஜீவன், எத்தனை நாள் யாருக்காகவோ ஏச்சு வாங்கியிருக்கிறது.

போன மாதம் அண்ணனோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். அங்கே கோலாலம்பூரில் அவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. பேச்சுக்கு நடுவே, "இரு, பாத்ரூம் போயிட்டு வந்துர்றேன்" என்று போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போனார். திரும்பி வந்ததும் கேட்டுவிட்டேன். "அண்ணே, ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா? ராத்திரி எத்தனை வாட்டி எந்திரிக்கிறீக? போயிட்டு வந்தப்புறமும் மிச்சம் இருக்கிற மாதிரி இருக்கா?" அந்தப் பக்கம் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஒரு பொம்பளப் புள்ள கேக்குற கேள்வியா இது? வெக்கமா இல்ல ஒனக்கு?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். வெட்கமாகத்தான் இருந்தது.

சாயந்திரம் வாட்ஸ்அப்பில் அவர் குரல் வந்தது. முதலில் தொண்டையைச் செருமுகிற சத்தம். பிறகு, "அஞ்சாறு வாட்டி எந்திரிக்கிறேன். ஒரு வருசமா இருக்கு. உன் மதினிகிட்டச் சொல்லிராத" என்றார்.

கேட்டு முடித்த கையோடு மதினிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அண்ணன் என்னோடு பேசுவதில்லை. டாக்டரிடம் போய் ஸ்கேன் எடுத்தாயிற்று, மாத்திரை சாப்பிடுகிறார், ஆனால் என் பேரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார் என்று மதினி சொன்னார். பேசாமல் இருக்கட்டும் அத்தா. அன்று அந்த நடையில் வைத்து நான் கேட்டிருந்தால், நீங்களும் என்னைக் கிழித்துத் தொங்கப்போட்டிருப்பீர்கள். இன்று வரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை பேசாமல், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, இந்த வீட்டில்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.