மூணாவது குரல்

டேய் பாய்,

போன்ல எழுதி எழுதி அழிச்சிட்டேன். அதான் காகிதம்.

ஞாயித்துக்கிழமை சிவராஜும் கலியாணமும் என்னை ஜவ்வாது மலைக்கு இழுத்துக்கினு போனாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு இப்பதான். அஞ்சு மணி நேரம் ஏத்தம். தறிக்குழியில கால் விட்டே பழகின முட்டி, சொன்ன பேச்சு கேக்கல. சாப்பாட்டுக்கு ஓட்டல் சப்பாத்தி. எப்பவும் உன் சம்சாரம் சித்தாரா தங்கச்சிதான் நெய்ச்சோறு கட்டிக் கொடுக்கும்.

மேல ஒரு குகை. தவழ்ந்துக்கினுதான் போவணும். பாதியில டார்ச் அணைஞ்சிடுச்சு. நாம எப்பவும் ஆள் கணக்குக்குச் சொல்றாப்போல சிவராஜ் "ஒண்ணு"ன்னு குரல் கொடுத்தான். கலியாணம் "ரெண்டு"ன்னான். அடுத்தது நீ. உனக்கப்புறம்தான் நான். மூணு வராம எனக்கு நாலு சொல்ல வாய் வரல. ரெண்டு பேரும் இருட்டுல அப்படியே காத்துக்கினு இருந்தாங்க. ரொம்ப நேரம் கழிச்சு சிவராஜ் "சரி, வாங்கடா"ன்னான்.

வெளிய வந்து பாறை மேல சாய்ஞ்சவன், காத்துல தூங்கிட்டேன். தங்கச்சியை அடக்கத்துக்கு எடுத்த நாள்ல இருந்து எனக்கு அப்படி ஒரு தூக்கம் இல்ல.

அடக்கத்தன்னிக்கு உன் தெரு முனை வரைக்கும் வந்தேன்டா. அங்கேயே சைக்கிளைத் திருப்பிட்டேன். உன் மூஞ்சியைப் பாக்க தெம்பு இல்ல.

வெள்ளிக்கிழமை, நீ தொழுகை முடிச்சு வீட்டுக்கு வந்தப்புறம், உன் வாசல்ல வந்து நிப்பேன். கதவைத் திறக்க வேணாம். உள்ள இருந்து "மூணு"ன்னு சொல்லு, போதும்.

இப்படிக்கு,
நாலு