இரும்புக் கொக்கின் அப்பாவுக்கு ஒரு தட்டு

அன்புள்ள அம்மா,

நான் சௌக்கியம். பனி இறங்கியதும் உன் முழங்கால் மறுபடி மக்கர் பண்ணுகிறதா? நெப்ராஸ்காக் காற்றில் அப்பாவைத் தொப்பியில்லாமல் வெளியே விடாதே.

இங்கே நியூயார்க்கில் ஒரு வேடிக்கை. நான் கதை எழுதும் காமிக்ஸின் நாயகன் இரும்புக் கொக்கின் அப்பா, முதல் இதழிலேயே ஆலைத் தீயில் செத்துப்போனவர். அது தெரியாத புது ஓவியர், போன கிறிஸ்துமஸ் இதழில் அவரைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து வான்கோழி வெட்ட வைத்துவிட்டார். வாசகர்கள் இன்னும் கடிதம் போட்டுக் கிழிக்கிறார்கள்.

ஆசிரியர் லெஸ்டர் என்னிடம் வந்தார்.

"வெர்னா, அச்சுல வந்தது எதுவும் பொய்யாகக் கூடாது, அதான் நம்ம சட்டம். ஆளு செத்ததும் நிஜம், வான்கோழி வெட்டினதும் நிஜம். ரெண்டையும் எப்படியாவது முடிச்சுப் போடும்மா."

"பேயா வந்தாருன்னு சொல்லிடலாமா சார்?"

"பேய்க்கு ஏதும்மா பசி!"

கடைசியில் இந்தக் கிறிஸ்துமஸ் இதழுக்கு இப்படி எழுதினேன்: கொக்கின் அம்மா கிறிஸ்துமஸ்தோறும் கணவருக்கும் ஒரு தட்டு வைப்பாள். வான்கோழியை வெட்டியது அவள்தான். மகன் கண்ணுக்கு அப்பா தெரிந்தார். ஓவியர் வரைந்தது மகன் பார்த்ததை. லெஸ்டர் படித்துவிட்டு மூக்கைச் சிந்தினார். "சளிம்மா" என்றார்.

வேலை குவிந்துகிடக்கிறது, இந்தக் கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. சன்னலோரத்து என் நாற்காலியில் துணிமணியைப் போட்டுவைக்காதே. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன்.

அன்றைக்கு ஒரு தட்டு கூடுதலாக வை, அம்மா. யாராவது கேட்டால் வெர்னா உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல். பொய்யாகாது.

வெர்னா