டெல்மரைத் தாண்டிப் போன தூரம்

அன்பு மகள் ரெனாட்டாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே கான்சாஸில் நானும் அம்மாவும் மாடுகளும் சுகம். அங்கே எடின்பரோவில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். உன் இருமல் நின்றதா என்று அம்மா முதல் வரியிலேயே கேட்கச் சொன்னாள், நாலாவது வரியில் கேட்டுவிட்டேன். மழை இந்த வருடம் குறை சொல்வதற்கில்லை, மேய்ச்சல் நிலத்தில் புல் முழங்காலைத் தாண்டிவிட்டது, கன்றுகள் நன்றாகச் சதை போட்டிருக்கின்றன. நீ அங்கே ஈரத்தில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்காதே, நல்ல காலணி வாங்கிக்கொள்.

மார்ச்சில் எனக்கு வலிப்பு வந்ததும், ஆறு மாதம் வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் உனக்குத் தெரியும். தெரியாத சங்கதி, கொட்டகையில் தொங்கிய உன் சரளைச் சாலைச் சைக்கிளை நான் இறக்கிவிட்டேன். மேய்ச்சல் நிலம் ஐந்து மைல், அம்மாவுக்குக் காலையிலும் மாலையிலும் பள்ளி பஸ் ஓட்டும் வேலை, நான் வேறு என்ன செய்வது. டாக்டரிடமும் கேட்டேன். கார் வராத சாலையில், தலைக்கவசத்தோடு, மெதுவாக என்றார், மனமில்லாமல்தான் சொன்னார். அம்மாவோ, "விழுந்தா என்னைக் கூப்பிடாதீங்க, நீங்களே எந்திரிச்சு வாங்க" என்று சொல்லிவிட்டு முழங்காலுக்குக் கட்டும் பட்டையையும் வாங்கி வந்தாள். ஜூன் மாதம் பந்தயத்துக்கு வருகிற சைக்கிள்காரர்களை நான் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன், உனக்கே ஞாபகம் இருக்கும். காபிக் கடைக் கூட்டாளி ராஸ்கோ அதை விடுவானா. அவர்கள் போடுகிற அந்த இறுக்கமான கால்சட்டையை எப்போது வாங்கப் போகிறாய், வாங்கினால் முன்கூட்டியே சொல், நாங்கள் வேறு கடைக்குப் போய்விடுகிறோம் என்றான். முதல் வாரம் உட்கார முடியவில்லை. பிறகு பழகிவிட்டது. ஓரத்தில் சரளை குவிந்திருக்கும், லாரித் தடத்திலேயே போக வேண்டும், இறக்கத்தில் பிரேக்கை இறுகப் பிடித்தால் பின்சக்கரம் வழுக்கும், இதெல்லாம் நீ சொன்னபோது நான் காதில் வாங்கவில்லை, இப்போது நானாகக் கற்றுக்கொண்டேன். நாற்பது வருடம் லாரியில் போன சாலைதான், அதில் மூன்று ஏற்றம் இருப்பது என் தொடைகள் சொல்லித்தான் தெரிந்தது.

போன மாதம் பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணி இருக்கும். ஓடைப் பாலத்தைக் கடந்து போகிறேன், கீழே பள்ளத்திலிருந்து ஒரு குரல். லாரியில் போயிருந்தால் சத்தியமாகக் கேட்டிருக்காது. யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிட்ட குரல் டெல்மர் ஹூபருடையது. பதினோரு வருடம் முன்பு வசந்தத்தில், புதுப்புல் முளைக்கட்டும் என்று அவன் பழைய புல்லுக்கு வைத்த தீ வேலியைத் தாண்டி வந்து நம் தீவனப் போர் முழுவதையும் தின்றது, காற்றின் குற்றம் என்று சொல்லிவிட்டுப் போனான், அன்றிலிருந்து மாதா கோவிலில்கூட அவன் இந்தப் பக்கம் என்றால் நாம் அந்தப் பக்கம். உன்னிடம் மறைக்க மாட்டேன் ரெனாட்டா. குரல் யாருடையது என்று தெரிந்த பிறகும் நான் மிதித்துக்கொண்டே போனேன். இருநூறு அடி இருக்கும். வேறு யாராவது வருவார்கள் என்று நினைத்தேன். அந்தச் சாலையில் யார் வருவார்கள். நின்றேன், திரும்பினேன்.

அவன் வேலி கட்டப் போயிருக்கிறான், நாலு சக்கர மோட்டார் வண்டி கரையில் சரிந்து அவன் இடுப்புக்குக் கீழே அழுத்திக் கிடந்தது. முகம் வெளுத்துக் கிடந்தது. என்னைப் பார்த்ததும், "நீயா, ஊர்ல வேற ஆள் கிடைக்கலையா" என்றான். தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. அந்தப் பள்ளத்தில் போனும் எடுக்காது, இரண்டு மைல் தள்ளி மேட்டுக்குப் போக வேண்டும். கிளம்பினேன், என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டான். விட்டுப் போகாதே என்று சொன்னான் மகளே, அந்தப் பெரிய உடம்புக்காரன், குழந்தை மாதிரி. தண்ணீர்ப் புட்டியைக் கையில் கொடுத்து, சட்டையைக் கழற்றி வெயிலுக்கு முகத்தில் போட்டு, திரும்பி வருவேன் என்றேன். "பதினோரு வருஷமா உன் பேச்சு எதையும் நான் நம்பல. இத நம்புறேன், போ" என்றான்.

அந்த ஏற்றத்தை எப்படி மிதித்தேன் என்று தெரியாது, எனக்கே மறுபடி வலிப்பு வந்துவிடுமோ என்ற பயம் வேறு. மேட்டிலிருந்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், அரை மணி ஆகும், அங்கேயே நின்று வழி காட்டுங்கள் என்றார்கள். பாலத்தின் அடையாளம் சொல்லிவிட்டுத் திரும்பினேன், வாக்குக் கொடுத்தாயிற்றே. வழியில் சிக்கிமுக்கிக் கல் பின் டயரைக் கிழித்துவிட்டது. இறங்கித் தள்ளினால் நேரமாகும் என்று அப்படியே ஓட்டினேன், உன் பின்சக்கரத்தின் வளையம் நெளிந்து போனது, மன்னித்துவிடு, புதிதுக்குச் சொல்லியிருக்கிறேன். போய்ச் சேர்ந்தபோது அவன் பேச்சு குழறியது. ஆட்கள் வரும்வரை அவன் தூங்காதபடி மாட்டு விலையையும் ராஸ்கோவின் பொய்களையும் பேசிக்கொண்டே இருந்தேன். இடுப்பு எலும்பு இரண்டு இடத்தில் முறிவு, ஆனால் கால் தப்பியது. இன்னும் ஒரு மணி நேரம் கிடந்திருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டான் என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர்.

அதன்பிறகு ஊரே என் முதுகைத் தட்டுகிறது. பாதிரியார் பிரசங்கத்தில் என் பெயரைச் சொன்னார், நான் தலையைக் குனிந்துகொண்டேன், அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். நேற்று அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அவள் காபி வாங்கப் போன நேரம் பார்த்து டெல்மர் கதவைச் சாத்தச் சொன்னான். சரளையில் சக்கரம் வருகிற சத்தம் கீழே பள்ளத்தில் நன்றாகக் கேட்குமாம். "உன் சத்தம் என்னத் தாண்டிப் போச்சு லாய்ட். அப்புறம் நின்னுச்சு. அப்புறம் திரும்பி வந்துச்சு" என்றான். ஆமாம் என்றேன். அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு, "நானா இருந்தா இன்னும் கொஞ்ச தூரம் போயிருப்பேன்" என்றான்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி, கர்த்தர் உங்கள் கூடவே இருக்கட்டும். இருமலுக்கு டாக்டரைப் பார், தள்ளிப் போடாதே. அந்த இருநூறு அடியைப் பற்றி அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை நானே சொல்லப் போகிறேன், அதுவரை போனில் நீ வாய் திறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
லாய்ட் ஷ்ராக்