வாண்டுவின் கழுத்துப்பட்டை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க வேண்டும். உன் மகளையும் அதே வரியில் சேர்த்து எழுதக் கை வரவில்லை.

பள்ளி வேன் கம்பத்தில் மோதியதையும், எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றதையும் போனில் சொன்னேன். பொய்யில்லை, ஆனால் முழுசும் சொல்லவில்லை, உன் குரலைக் கேட்டதும் வாய் வரவில்லை. வேனிலிருந்து நான் தூக்கியபோதே வாண்டு, "கைக்குள்ள எறும்பு ஓடுது தாத்தா" என்றாள். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது, கை மரத்திருக்கும் என்று நினைத்து டாக்டரிடம் நான் சொல்லவேயில்லை. அதோடு விட்டேனா, கழுத்து அசையாமலிருக்க டாக்டர் மாட்டிய கழுத்துப்பட்டை தாடையில் உரசுகிறது என்று அவள் அழுததும், நாற்பது வருஷமாக ஊரார் காலரைத் தைத்த புத்தி சும்மா இருக்குமா, பையிலிருந்த கத்தரியை எடுத்து, பட்டையைக் கழற்றி, இரண்டு விரல் அகலம் வெட்டி, மடித்துத் தைத்து மாட்டிவிட்டேன். அழகாகத்தான் உட்கார்ந்தது, பாவி நான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் விளையாட என் பட்டன் டப்பாவைக் கொடுத்தேன். வலது கையில் எடுத்ததெல்லாம் நழுவி நழுவி விழுந்தது. அவள் சிரித்தாள். ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் எறும்பையும் பட்டையையும் சேர்த்தே சொன்னேன். "எறும்பை நேத்தே சொல்லியிருக்கணும். பட்டையில கை வைக்க உங்களுக்கு யார் சொன்னது?" என்றார். குழந்தைகளுக்கு எலும்பு வளைந்து பழையபடி நின்றுகொள்ளுமாம், உள்ளே தண்டுவடம் அடிபட்டிருந்தால் எக்ஸ்ரேயில் தெரியாதாம். எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள், கழுத்துக்குள் தண்டுவடம் வீங்கியிருக்கிறது. என் தையலால் கூடியதா என்று கேட்டேன், தெரியாது என்றார். கால் நன்றாக இருக்கிறது, கை முழுசாகத் திரும்புமா என்பதை நாள் போகப் போகத்தான் சொல்ல முடியுமாம். புதுப் பட்டை போட்டு அசையாமல் படுக்க வைத்திருக்கிறார்கள், நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கத்தரியை உன் அம்மா பிடுங்கி வைத்துக்கொண்டாள். நேற்று வாண்டு வலது கையால் பத்துப் பட்டனில் இரண்டு எடுத்தாள், இன்று மூன்று.

லீவு கிடைத்து நீ வந்ததும் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, அவள் எதிரில் மட்டும் அழாதே. நல்லா இருப்பாய் அம்மா, மனசை விடாதே. கீழே என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிறுக்கல் அவள் போட்டது. அட்டையை நான் பிடித்துக்கொண்டேன், வலது கையால்தான் எழுதினாள், மூன்று முறை பேனா விழுந்தது. "அம்மாவுக்குப் புரியுமா?" என்று கேட்டாள். புரியும் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பாவும் வாண்டுவும்